இளக்காரம் 24: சதுரங்க எஞ்சினுக்குச் சுருதி கூட்டுவது குறித்து

சசூர் தன் மொழியியல் உரைகளில் சதுரங்கத்தை உதாரணம் காட்டியது இப்பக்கங்களின் வாசகர்களுக்குப் புதிதல்ல. குதிரை என்கிற காயைத் தனியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் அது வெறும் மரக்கட்டை. பலகைக்குள், மற்றக் காய்களோடு அதற்குள்ள உறவில்தான் அதற்கு 'மதிப்பு' வருகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். 1916இல் நூலாக வந்த அந்த உரைகளை வைத்து அமைப்பியல்வாதிகள் எவ்வளவோ பேசியாயிற்று. ஆனால் செஸ் ஆடுகிறவர்களிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். குதிரைக்கு மூணு, பிஷப்புக்கு மூணு, யானைக்கு அஞ்சு, ராணிக்கு ஒன்பது, சிப்பாய்க்கு ஒண்ணு. பத்து வயசுப் பையன்கூட விலைப்பட்டியலை ஒப்பிப்பான். உறவாவது ஒண்ணாவது!

இந்த 'மூணு' கம்ப்யூட்டருக்குள் போனபின் அதற்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். விளையாட்டு விஷயம்தானே என்று ஒதுக்க வேண்டாம். ஒரு பொருளுக்கு இவ்வளவு மதிப்பு என்று யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது, சொன்னபின் அந்த எண் யாருக்குச் சொந்தம் என்கிற மூன்று கேள்விகளும் வேறெங்கும் இவ்வளவு பச்சையாக வெளியில் தெரிவதில்லை. வங்கியிலும் இன்ஷூரன்ஸிலும் இதே வேலை நடக்கிறது, நமக்குக் காட்ட மாட்டார்கள். சதுரங்கத்தில் மூலநிரல் திறந்தே கிடக்கிறது.

எஞ்சின் என்பது செஸ் புரோகிராமுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை. பலகையின் படமோ காய்களின் அழகோ அதற்குத் தெரியாது. அதற்கு இரண்டே வேலை. 'நான் இப்படி நகர்த்தினால் அவன் அப்படி நகர்த்துவான்' என்று கிளை கிளையாக முன்னே தேடிப்போவது ஒன்று. போன கிளையின் நுனியில் நின்றுகொண்டு, 'இந்த நிலை எனக்கு நல்லதா கெட்டதா' என்பதற்கு ஒரே ஓர் எண்ணைச் சொல்வது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலைக்கு மதிப்பீடு என்று பெயர். நாம் திரையில் தொட்டு மாற்றுகிற செட்டிங்குகள், அதாவது எவ்வளவு நினைவகம், எத்தனை இழை, 'திறன் அளவு' எவ்வளவு என்பவை, கடைக்கு வெளியே வைத்த பலகை மாதிரி. சரக்கு உள்ளே இருக்கிறது. தேடலுக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ளே புதைந்திருக்கும் நூற்றுக்கணக்கான எண்களே அந்தச் சரக்கு. அவற்றைத் திருகித் திருகிச் சரிசெய்வதைத்தான் ட்யூனிங் என்கிறார்கள்.

ஆரம்பகால விலைப்பட்டியல்களில் ஒன்றை எழுதியவர் கிளாட் ஷானன். 1949 மார்ச்சில் வாசித்து 1950இல் அச்சான கட்டுரையில் ராணி 9, யானை 5, பிஷப்பும் குதிரையும் 3, சிப்பாய் 1 என்று போட்டுவிட்டு, ராஜாவுக்கு 200 தருகிறார். மற்ற எல்லாக் காய்களையும் கூட்டினாலும் 39தான் வரும். ஆகவே ராஜாவை எதற்காகவும் விற்க முடியாது. (விலையே போட முடியாத ஒன்றைக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டுமானால் எட்டாத விலை ஒன்றைப் போடுவது. பழைய தந்திரம்.) இரட்டைச் சிப்பாய், பின்தங்கிய சிப்பாய், தனித்த சிப்பாய் ஒவ்வொன்றுக்கும் அரைச் சிப்பாய் கழிக்க வேண்டும், நகரக்கூடிய ஒவ்வோர் இடத்துக்கும் 0.1 கூட்ட வேண்டும். இந்த 0.5, 0.1 எல்லாம் தன் உத்தேசம்தான் என்று ஷானனே ஒப்புக்கொள்கிறார். அதே காலத்தில் ஆலன் டூரிங் காகிதத்தில் எழுதிய புரோகிராமில் ராணிக்கு 10, பிஷப்புக்கு 3.5. அதை ஓட்டக்கூடிய கம்ப்யூட்டர் இல்லாததால் டூரிங் தானே கம்ப்யூட்டராக உட்கார்ந்து 1952இல் அதை ஆடிக் காட்டினார், தோற்றார். ஆக, பிறக்கும்போதே இரண்டு பிதாமகர்களுக்கு இடையே ஒரு பிஷப் விஷயத்தில் அரைச் சிப்பாய் தகராறு. யார் சரி? தீர்த்துவைக்க அப்போது வழி இருக்கவில்லை. கிராண்ட்மாஸ்டர்களின் வாய்மொழி ஞானத்தை எண்ணாக மாற்றி எழுதிவைப்பது என்பதே அடுத்த நாற்பது ஆண்டுக்காலம் பெரும்பாலும் நடந்தது. இதன் உச்சம் 1997 மே மாதம் காஸ்பரோவை 3.5-2.5 என்று வென்ற ஐபிஎம்மின் 'டீப் ப்ளூ'. அதன் மதிப்பீட்டில் சுமார் 8000 கூறுகள். கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தார். ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே எண்களைத் திருத்தவும் விதிகளில் இடமிருந்தது. காஸ்பரோவ் இயந்திரத்தோடு மட்டும் ஆடினார் என்று சொல்வது அரைக் கதைதான்.

மாற்றம் எங்கே வந்தது என்றால், 'இந்த எண் சரியா' என்று நிபுணரைக் கேட்பதை விட்டுவிட்டு ஆட்டத்தின் முடிவைக் கேட்கத் தொடங்கிய இடத்தில். ஆர்தர் சாமுவேல் செக்கர்ஸ் ஆட்டத்தில் இதை 1959இலேயே செய்து காட்டியிருக்கிறார். சதுரங்கத்தில் எவரும் வீட்டில் செய்யக்கூடிய எளிய வழியாக இது பரவியது 2014இல், 'டெக்ஸெல்' என்கிற எஞ்சினை எழுதிய பீட்டர் ஆஸ்டர்லுண்ட் தன் முறையை விளக்கிய பின். அவர் எஞ்சினைத் தன்னோடு தானே 64,000 ஆட்டம் ஆடவிட்டார். அவற்றிலிருந்து 88 லட்சம் நிலைகள் கிடைத்தன. ஒவ்வொரு நிலைக்கும் அந்த ஆட்டம் கடைசியில் என்ன ஆயிற்று என்பது தெரியும்: வெற்றி 1, சமன் 0.5, தோல்வி 0. எஞ்சின் தரும் மதிப்பெண்ணை ஒரு வளைகோட்டின் வழியே 0க்கும் 1க்கும் இடைப்பட்ட கணிப்பாக மாற்றலாம். கணிப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கம் எடுத்துக் கூட்டினால் மொத்தப் பிழை வரும். இப்போது குதிரையின் எண்ணை ஒன்று கூட்டிப் பார், பிழை குறைகிறதா? குறைந்தால் வைத்துக்கொள். கூடினால் ஒன்று குறைத்துப் பார். இப்படியே ஒவ்வோர் எண்ணாக, எதை அசைத்தாலும் பிழை குறையாது என்கிற வரை. அவ்வளவுதான் முறை. சதுரங்க ஞானம் ஒரு துளிகூடத் தேவையில்லை.

இப்படி ட்யூன் பண்ணிய எண்களைப் பார்த்தால் செஸ் வாத்தியார்கள் ஆடிப்போவார்கள். ஸ்டாக்ஃபிஷ் என்கிற எஞ்சினில் கையெழுத்து மதிப்பீடு இருந்த கடைசிக் காலத்தில், ஆட்ட நடுவில் சிப்பாய்க்கு 126, குதிரைக்கு 781. இறுதிக்கட்டத்தில் சிப்பாய்க்கு 208, குதிரைக்கு 854. வகுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு குதிரைக்கு ஆறு சிப்பாய்க்கு மேல், கடைசியில் நாலுக்குச் சற்று மேல். 'மூணு' எங்கே போச்சு? எங்கும் போகவில்லை. சிப்பாயின் மதிப்பில் பெரும்பகுதி அதன் பெயருக்கு எதிரே எழுதிய எண்ணில் இல்லாமல், முன்னேறிய சிப்பாய், ராஜாவுக்கு அரணாக நிற்கும் சிப்பாய், துணையுள்ள சிப்பாய் என்று இன்னும் பத்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அவற்றில் ஒன்றை நீக்கினால் மிச்சம் எல்லா எண்களும் தங்களுக்குள் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். 781ஐ மட்டும் பிடுங்கி இன்னொரு எஞ்சினில் நட்டால் அது பட்டுப்போகும். சசூர் உவமையாகச் சொன்னதை இந்த ஆட்கள் தெரியாமலே செய்து காட்டியிருக்கிறார்கள் எனலாம்.

அடுத்த கட்டம் இன்னும் விசித்திரமானது. தேடலுக்குள் இருக்கும் எண்களை (எந்தக் கிளையை எப்போது வெட்டுவது, எந்த நகர்த்தலை எவ்வளவு ஆழம் குறைத்துப் பார்ப்பது) நிலைகளின் பட்டியலை வைத்துச் சரிபார்க்க முடியாது. ஆடித்தான் பார்க்க வேண்டும். நூறு குமிழ்கள் உள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தால் ஆயுசு போதாது. ஆகவே ஒவ்வொரு குமிழுக்கும் காசு சுண்டிப் பார்த்து, சிலதை வலப்பக்கம் சிலதை இடப்பக்கம் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் துளி திருகி ஓர் எஞ்சின். ஒவ்வொரு குமிழையும் அதற்கு நேர் எதிராகத் திருகி இன்னோர் எஞ்சின். இரண்டையும் மோதவிட்டு, ஜெயித்த பக்கமாக எல்லாக் குமிழ்களையும் மயிரிழை நகர்த்துவது. மறுபடி காசு சுண்டுவது. ஒரு மோதலை வைத்து ஒரு குமிழைப் பற்றி எதுவும் தெரியாதுதான். பத்தாயிரக்கணக்கில் போகும்போது தற்செயல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய் ஒரு திசை மட்டும் மிஞ்சும். ஜேம்ஸ் ஸ்பால் என்கிற கணிதவியலாளரின் 1992 கட்டுரை இந்த முறைக்கு ஆதாரம்.

ட்யூனிங்கைச் சுருதி கூட்டுவது என்று தமிழில் சொல்லலாம். ஆனால் வித்வானுக்குத் தம்பூரா என்று வெளியே ஒன்று இருக்கிறது. இங்கே தம்பூராவும் அதே வாத்தியம்தான்.

எத்தனை ஆட்டம் போட்டால் ஒரு முடிவுக்கு வரலாம் என்பதில்தான் பலர் ஏமாறுவது. நூறு ஆட்டம் போட்டு 54-46 என்று வந்ததும் 'என் செட்டிங் சூப்பர்' என்று குதிக்கிறவர்கள் உண்டு. நூறு ஆட்டத்தில் தற்செயலால் மட்டுமே ஏழெட்டுப் புள்ளிகள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம், அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. இன்று பெரிய எஞ்சின்களில் ஒரு திருத்தத்தால் கிடைக்கும் லாபம் இரண்டு எலோ புள்ளி என்றால் அதிகம். இரண்டு எலோ என்பது நூற்றுக்கு 50.3 எடுப்பது. அந்த 0.3ஐத் தற்செயலிலிருந்து பிரித்தெடுக்க ஐம்பது, அறுபதாயிரம் ஆட்டம் தேவைப்படுகிறது. தனியாள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆகிற காரியமா? இதற்காக 2013இல் கேரி லின்ஸ்காட் தொடங்கியதுதான் 'ஃபிஷ்டெஸ்ட்'. யாரோ ஒருவர் ஒரு திருத்தத்தை முன்வைக்கிறார். உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டரின் ஓய்வு நேரத்தை, தங்கள் மின்கட்டணத்தில், அதைச் சோதிக்கத் தருகிறார்கள். முதலில் ஆட்டத்துக்கு 10 விநாடி, தேறினால் 60 விநாடி. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை.

எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்க அங்கே பயன்படும் முறைக்கு ஒரு பூர்வகதை உண்டு. ஆட்ட எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்யாமல், முடிவுகள் வர வரக் கணக்கிட்டு, மேல் எல்லையைத் தொட்டால் ஏற்பு, கீழ் எல்லையைத் தொட்டால் நிராகரிப்பு, நடுவில் இருந்தால் தொடர்ச்சி என்கிற இந்தச் சோதனையை உருவாக்கியவர் ஆப்ரஹாம் வால்ட். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியபோது அமெரிக்கா தப்பிய யூதர். குடும்பத்தில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். 1943இல், போர்த் தளவாடங்களைச் சோதிக்கும் வேலைக்காகக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்த முறை பிறந்தது. 1945 வரை ராணுவ ரகசியமாகவே இருந்தது. 1950 டிசம்பரில் இந்தியாவுக்கு விரிவுரையாற்ற வந்த வால்டும் அவர் மனைவியும் நம் நீலகிரி மலையில் விமானம் மோதி இறந்துபோனார்கள். குண்டு நல்ல குண்டா என்று பார்க்கப் பிறந்த கணக்கு, எழுபது ஆண்டு கழித்துக் குதிரை நல்ல குதிரையா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஃபிஷ்டெஸ்டில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் எளிமைப்படுத்தல். ஒரு புது விதியைச் சேர்க்க வேண்டுமானால் அது பலம் கூட்டுகிறது என்று நிரூபிக்க வேண்டும். நீக்க வேண்டுமானால், நீக்கியதால் பலம் குறையவில்லை என்று காட்டினால் போதும். இப்படித்தான் கிராண்ட்மாஸ்டர்களின் பல பொன்மொழிகள் சத்தமில்லாமல் வெளியே போயின. எந்த மரபையும் அது மரபு என்பதற்காக வைத்திருக்க வேண்டியதில்லை என்பதை விவாதமில்லாமல் நடத்திக்காட்டும் இடம் இது.

அதற்காக இதை உண்மையின் நீதிமன்றம் என்று கும்பிட வேண்டாம். எதை அளப்பது என்பதை யாரோ முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். இதற்கு நல்ல சாட்சி 'கன்டெம்ப்ட்' என்கிற செட்டிங். பெயரே அப்படித்தான்: இளக்காரம். சமமான நிலைக்கு மதிப்பு 0. எதிராளி என்னைவிட மட்டமானவன் என்று எனக்குத் தெரிந்தால் சமனுக்கு ஒப்புக்கொள்வது எனக்கு நஷ்டம். கொஞ்சம் மோசமான நிலைக்குப் போயாவது ஆட்டத்தை இழுக்க வேண்டும். இதற்காக எஞ்சின் தன் பக்கத்துக்கு முன்கூட்டியே கொஞ்சம் கூட்டி எழுதிக்கொள்ளும். 2018 நவம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 10இல் இயல்பாகவே இது 24 என்று வைக்கப்பட்டிருந்தது, அதாவது கால் சிப்பாய். எதிராளி பலவீனமாக இருந்தால் இதில் லாபம் உண்டு. ஆனால் அதே எஞ்சினை நடுவராக வைத்து ஒரு நிலையை ஆராய்கிறவனுக்கு? வெள்ளையின் பக்கம் நின்று கேட்டால் ஓர் எண், கறுப்பின் பக்கம் நின்று கேட்டால் வேறு எண். ஆராயும்போது யாருடைய இளக்காரம் வேண்டும், வெள்ளையுடையதா, கறுப்புடையதா, இருவருடையதுமா, வேண்டவே வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கத் தனியே ஒரு பட்டியல் இருந்தது! விமர்சகர்களுக்கும் இப்படி ஒரு குமிழை வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தால் எவ்வளவு சௌகரியம். 2021 ஜூலையில் வந்த 14ஆம் பதிப்பில் இந்தக் குமிழ் இல்லை. 'லீலா' என்கிற இன்னொரு எஞ்சினில் 2023இல் வேறு வடிவத்தில் திரும்ப வந்தது. மனிதர்களுக்குக் குதிரையையோ யானையையோ முதலிலேயே விட்டுக்கொடுத்து ஆடுகையில் அது இல்லாமல் முடியாது. சமமான எதிரி என்று நினைத்தால் இயந்திரம் முதல் நகர்த்தலிலேயே மனம் தளர்ந்த மாதிரி ஆடும். இளக்காரத்தைக் கூட்டினால்தான் அதற்குத் தெம்பு வருகிறது.

எதிராளியின் செட்டிங்கை யார் வைப்பது என்பது இன்னொரு விஷயம். 2017 டிசம்பரில் கூகுளின் டீப்மைண்ட் 'ஆல்ஃபாஸீரோ' ஸ்டாக்ஃபிஷ் 8உடன் 100 ஆட்டம் ஆடி 28 வென்று 72 சமன் செய்ததாக அறிவித்தது. ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. உலகமே வியந்தது. ஆனால் ஸ்டாக்ஃபிஷுக்குத் தரப்பட்ட நினைவகம் ஒரே ஒரு ஜிபி, நேரம் நகர்த்தலுக்குக் கறாராக ஒரு நிமிடம். நேரத்தை எங்கே செலவிடுவது என்கிற அதன் கெட்டிக்காரத்தனத்துக்கு இடமே இல்லை. எதிர்ப்பு வந்தது. 2018 டிசம்பரில் வெளியான விரிவான கட்டுரையில் நினைவகமும் நேரமும் சரிசெய்யப்பட்டு 1000 ஆட்டம்: 155 வெற்றி, 6 தோல்வி, மீதி சமன். ஆல்ஃபாஸீரோ பலசாலிதான், அதில் சந்தேகமில்லை. முதல் கதையாடலில் இருந்த 'தோல்வியே இல்லை' மட்டும் காணாமல் போயிற்று.

பிறகு வந்தது நரம்பு வலை. ஜப்பானிய ஷோகிக்காக யூ நாசு 2018இல் உருவாக்கிய வலையமைப்பு 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12க்குள் வந்தது. 126, 781 போய், ஒரு கோடிக்கு மேற்பட்ட எண்கள் வந்தன. எதற்கும் பெயர் கிடையாது. இது குதிரையுடையது, இது ராஜாவின் பாதுகாப்பு என்று எதையும் சுட்ட முடியாது. வேடிக்கை என்னவென்றால், தொடக்க வலைகள் பாடம் படித்தது ஸ்டாக்ஃபிஷின் பழைய கையெழுத்து மதிப்பீட்டிடம்தான். பின்னர் லீலாவின் தன்னார்வலர்கள் திரட்டிய ஆட்டங்களிடம். 2023இல் வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையெழுத்து மதிப்பீடு நிரலிலிருந்தே நீக்கப்பட்டது. தேடலின் எண்களுக்குக் காசு சுண்டுவது மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

காய்களுக்கு எண்ணே இல்லாதபோது திரையில் தெரியும் '+1.00' எதைக் குறிக்கும்? முன்பு ஒரு சிப்பாய் கூடுதல் என்று அர்த்தம். 2022 டிசம்பரில் வந்த 15.1ஆம் பதிப்பில் அந்தத் தொடர்பை அறுத்தார்கள். இனி +1.00 என்றால், எஞ்சின் தன்னோடு தானே ஆடும்போது அந்த நிலையிலிருந்து வெல்ல நூற்றுக்கு 50 வாய்ப்பு என்று பொருள். 1971 ஆகஸ்டில் நிக்ஸன் டாலரைத் தங்கத்திலிருந்து கழற்றிவிட்ட மாதிரி. அந்த 50 யாருடைய வாய்ப்பு? இயந்திரத்தின் வாய்ப்பு, இன்னோர் இயந்திரத்துக்கு எதிராக. நேரலை ஒளிபரப்பில் இரண்டு மனிதர்கள் வியர்த்துக்கொண்டு ஆடும்போது பக்கவாட்டில் ஏறி இறங்கும் பட்டையைப் பார்த்து, 'அய்யோ, தப்புப் பண்ணிட்டான்' என்று நாம் கத்துவது அந்த எண்ணை நம்பித்தான். காய்களை நகர்த்திய இருவரில் யாரும் அந்த 50க்குள் இல்லை.

கடைசியாக, சொந்தம் யாருக்கு என்கிற கேள்வி. 2021 பிப்ரவரியில் ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் 'ஃபேட் ஃபிரிட்ஸ் 2' என்ற எஞ்சினை 99.90 யூரோவுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது தங்கள் நிரல்தான், வேறொரு வலையும் மாற்றப்பட்ட சில எண்களும் தவிரப் புதிதாக ஒன்றுமில்லை என்றது ஸ்டாக்ஃபிஷ் குழு. ஸ்டாக்ஃபிஷின் உரிமம் யாரும் எடுத்து மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது. ஆனால் எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும், மாற்றிய மூலத்தை வாங்கியவருக்குத் தர வேண்டும். இந்தக் கடமைகள் மீறப்பட்டன என்று 2021 ஜூலையில் குழு வழக்குத் தொடுத்தது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் பேசிக்கொண்டிருக்கையில், பத்தாயிரம் இரவுகள் தங்கள் கம்ப்யூட்டரை ஓடவிட்டவர்கள் 'நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம்' என்று ஒரு ஜெர்மானிய நீதிமன்றத்தில் வந்து நின்றார்கள். 2022 நவம்பரில் சமரசம் ஆயிற்று. ஸ்டாக்ஃபிஷ் அடங்கிய பொருள்களைச் செஸ்பேஸ் ஓராண்டுக்கு விற்பதில்லை, கட்டற்ற மென்பொருள் உரிமங்களை மதிப்பதைக் கண்காணிக்க ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்பன அதில் முக்கியமானவை. சமரசத்தில் முடிந்ததால், எண்களைத் திருகி வேறாக்கியவர் அந்த எஞ்சினுக்கு ஆசிரியர் ஆகிறாரா என்பதற்கு நீதிபதியின் வாயிலிருந்து பதில் வரவில்லை.